கிள்ளானுக்குப் போன கங்கம்மா

“நேத்து ராத்திரி நீ ஊர்ல படுத்தியா இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல!”

“படுத்தேன். என் வீட்டுல, என் கட்டில்ல படுத்தேன். அது ஒரு குத்தமா?”

“டமாரம் அடிச்சிகினு போனானா இல்லியா?”

“அடிச்சிருப்பான். நான் தூங்கிட்டேன்.”

“நீ தூங்கினா கங்கம்மாவும் தூங்கிடுவாளா? சாட்டிம்பு ஆனப்புறம் ஜாத்திரை முடியங்காட்டியும் ஊர்க்காரங்க யாரும் வெளியே போய்ப் படுக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். எம்பிஏ படிக்கிறவளுக்குத் தெரியாதா?”

“எங்க சிலபஸ்ல இல்லம்மா!”

அதற்குப் பதிலாக ஒரு பாத்திரம் தரையில் விழுந்து, கூடம் முழுக்க உருண்டு, வாசற்படியில் இடித்து நின்றது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டதென்றால், தெருவில் யாருக்கும் கேட்கவில்லை என்று சொல்வதற்கில்லை. துணியெல்லாம் காய்ந்து மடித்தெடுக்கிற பக்குவத்தில்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் உதறிக் காயப்போட்டேன்.

சண்டை போட்டது அம்சவேணியும் அவள் ஒரே மகள் பவ்யாவும். நாகலாபுரம் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்து, எங்கள் தெருவில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்த வேங்கடாசலத்தின் குடும்பம். வேங்கடாசலம் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், வீட்டில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை என்று அர்த்தம். ஜாத்திரைக்கு வேஷம் கட்டுவதாக வேண்டுதல் அவருக்கு. முதல் நாள் பைராகி வேஷம், உடம்பெல்லாம் வெள்ளை பூச வேண்டும். மனைவியும் மகளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது அவர் நாமக்கட்டியைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு, சுண்ணாம்படித்த சுவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கங்கம்மா எங்கள் ஊர்க் காவல் அம்மன். அவள் திருவிழாவான ஜாத்திரைக்கு முன்னால் ஒரு ராத்திரி ஊர் எல்லைகளில் டமாரம் அடித்து அறிவிப்பார்கள். அதுதான் சாட்டிம்பு. அன்று ஊரில் படுத்தவர்கள் ஜாத்திரை முடிகிற வரை வேறு ஊரில் போய்ப் படுக்கக் கூடாது. இந்தக் காலத்தில் இதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்கு ஷிப்ட் போகிறவன் போய்க்கொண்டுதான் இருக்கிறான், சாயங்காலம் திரும்பிவிடுகிறான். கட்டுப்பாடு தலையணைக்குத்தான், காலுக்கு இல்லை.

பவ்யாவின் தலையணை போக வேண்டியது மலேசியாவுக்கு. அவள் படித்த காலேஜில் கடைசி வருஷப் பிள்ளைகளை ஒரு வாரம் அங்கே கூட்டிப் போகிறார்கள். காலையில் கம்பெனி கம்பெனியாகப் பார்ப்பது, மத்தியானத்துக்கு மேல் ஊர் சுற்றுவது. ரப்பர் கையுறை செய்கிற ஃபேக்டரி, துறைமுகம், இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன். திருத்தணி முருகன் நமக்கு பஸ் ஏறினால் பக்கத்தில்தான் இருக்கிறான், அவனைப் பார்க்கக் கோட்டு சூட்டும் தேவையில்லை. மலேசியா முருகனுக்கு ப்ளேஸர் கட்டாயம் என்று காலேஜ் சொல்லிவிட்டது. வினை அந்த ப்ளேஸரில்தான் வந்தது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிற திலீப் சாருக்கும் டமாரம் கேட்கிற பழைய திருப்பதிக்குள்தான் வீடு. மேனேஜ்மெண்ட் பாடம் நடத்துகிறவர் இல்லையா, டமாரத்துக்கு முன்னாலேயே பெட்டியோடு கிளம்பி ரேணிகுண்டாவில் மச்சினன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். பவ்யாவின் சிநேகிதி ரக்ஷிதா வீடு அலிபிரி பக்கம் புது அபார்ட்மெண்டில். அங்கே டமாரம் கேட்காது. கேட்காத கட்டுப்பாடு தங்களைக் கட்டாது என்பது ரக்ஷிதாவின் அம்மா சுந்தரம்மாவின் சட்டம். பவ்யாவும் அன்றைக்கு அங்கே போய்ப் படுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் சலீம் டெய்லர் “பட்டன் மட்டுந்தாம்மா பாக்கி” என்று சொல்லிச் சொல்லியே நேரத்தைக் கடத்தி, ப்ளேஸர் கைக்கு வந்தபோது டமாரம் தெருமுனைக்கு வந்துவிட்டது. தூங்கிவிட்டேன் என்று அவள் சொன்னது சுத்தப் பொய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போட்ட ப்ளேஸரைக்கூடக் கழற்றாமல் டமாரக்காரனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் பார்த்தேனே.

ஒரு டூருக்கு இத்தனை துடிப்பா என்று நினைக்கலாம். பின்னால் தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பவ்யா ஒரு இடத்தில் தரித்து இருக்கிற பெண் இல்லை. சோறு துன்னுவதுகூட நின்றுகொண்டுதான். டிவி பார்த்தால் கால் ஆடும், கால் நின்றால் விரல் ஆடும். பார்க்க வேண்டிய கம்பெனிகளில் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்று இருந்தது. வருகிற பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, பிடித்தால் ஒருவரைப் பயிற்சி வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் காலேஜுக்குச் சொல்லியிருந்தார்கள். இதை மற்றப் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவள் மட்டும் அந்த ஆபீஸ் மேடத்துக்கு மாசக்கணக்காக மெயில் போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது டூர். இவளுக்கு அது ஊரைவிட்டு வெளியே போகிற ஒரே கதவு. அது மூடிவிட்டால் அடுத்த கதவு தயாராக இருந்தது: சித்தூரில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் தாய்மாமன் கங்கையாவின் மகன் சீனு. போன தசராவிலிருந்தே கங்கையா கேட்டுக்கொண்டிருந்தார். “படிப்பு முடியட்டும் அண்ணா” என்று அம்சவேணி தள்ளிக்கொண்டே வந்தாள்.

அந்தக் கங்கையாதான் சண்டை நடுவில் மாங்காய்க் கூடையோடு வந்து இறங்கினார். ஜாத்திரைக்குத் தங்கை வீட்டுக்கு வருஷா வருஷம் காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறவர்.

“இன்னா அம்சு, பஸ் ஸ்டாண்டுங்காட்டியும் கேக்குது உன் குரலு?”

“நீயே கேளு அண்ணா. சாட்டிம்பு ஆயிப்போச்சு. இவ இன்னிக்கே பிளேன் ஏறணுமாம்.”

“மாமா, நீங்களாவது சொல்லுங்க. டிக்கெட்டு, ஓட்டலு எல்லாம் போட்டாச்சு.”

கங்கையா செல்போனில் ஒரு லாரிக்காரனைத் தெலுங்கில் திட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தார். மண்டியில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, துண்டுக்குள் கை விட்டு விலை பேசி முடிக்கிறவர். அவர் கண்ணில் ஏதோ பளிச்சென்றது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது.

“அம்சு, சாட்டிம்பு யாருக்கு?”

“ஊர்க்காரங்களுக்கு.”

“இவ எந்த ஊருப் பொண்ணு?”

“இதென்ன கேள்வி? திருப்பதிதான்.”

“இந்த நிமிசங்காட்டியும் திருப்பதி. எங்க சீனுவுக்குன்னு இப்பவே ஒரு வார்த்தை பேசி, வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டா? எங்க வீட்டுப் பொண்ணு. சித்தூருப் பொண்ணு. எங்க ஊரு கங்கம்மாவுக்கு அடுத்த வாரந்தான் ஜாத்திரை, இன்னும் சாட்டிம்பே ஆவல. எங்க ஊருப் பொண்ணு எங்க வேணா போய்ப் படுக்கலாம். எவன் கேக்கிறது?”

கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டவனுக்குக்கூட இப்படி ஓடாது. வேங்கடாசலம் கையில் நாமக்கட்டியோடு மனைவியைப் பார்த்தார். அம்சவேணி மகளைப் பார்த்தாள். மகள் பெட்டியைப் பார்த்தாள்.

“சரி மாமா.”

“எது சரி?” என்றாள் அம்சவேணி.

“எல்லாம் சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வெற்றிலைத் தட்டு எடுத்துவர உள்ளே போன அம்சவேணி வெளியே வர வெகு நேரமாயிற்று. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கிற தாய்க்கு அழுகை வராதா என்று கங்கையா சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தட்டு கை மாறியது. மாறின கையோடு பவ்யா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனை திரும்பும்போது சக்கரம் ஒன்று கழன்றது. அதைப் பொறுக்கக்கூட அவள் நிற்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் பொழுது அம்சவேணியின் போனில்தான் போயிற்று. அவள் போன் கூடத்து மேசையில் சார்ஜரில் கிடக்கும். கறிவேப்பிலை கேட்கப் போகிறவர்கள் எல்லாரும் பவ்யாவின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு வருவார்கள். கறிவேப்பிலை எங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறது என்பதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை.

கையுறை ஃபேக்டரி வீடியோ வந்தது. வெள்ளைப் பீங்கான் கைகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியில் வரிசையாகத் தொங்கி, ரப்பர் தொட்டியில் முங்கி எழுந்து போய்க்கொண்டிருந்தன. “அத்தனை கையும் டாட்டா காட்டுது பாரு” என்றாள் சுந்தரம்மா. மகள் போனதிலிருந்து அலிபிரியிலிருந்து ஆட்டோ பிடித்து தினமும் வந்துகொண்டிருந்தாள். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ப்ளேஸர் போட்ட நாற்பது பேரும் வியர்த்து வழிந்து நின்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள், பவ்யா மட்டும் ஓரத்தில் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். பத்துமலைப் படியில் குரங்கு ரக்ஷிதாவின் வாழைப்பழத்தைப் பிடுங்கிப் போயிற்று. “மலையேறாத ஊரா நம்ம ஊரு? குரங்குக்கா பஞ்சம்?” என்று தெருவில் சிரிப்பு. சித்தூரிலிருந்து சீனுகூட ஒரு லைக் போட்டான். அது வருங்கால மாப்பிள்ளை லைக்கா, வெறும் லைக்கா என்று நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்தோம்.

அடுத்த நாள் கிள்ளான். அந்தக் காலையில் வீடியோ வரவில்லை, ரக்ஷிதாவின் போன்தான் வந்தது. அதுவும் அம்சவேணிக்கு அல்ல, சுந்தரம்மாவுக்கு. சுந்தரம்மாவுக்கு வந்தது என்றால் ஊருக்கு வந்த மாதிரி.

பவ்யாவுக்கு முகம், கழுத்து, கை எல்லாம் சிவப்புச் சிவப்பாக எழும்பியிருக்கிறது. கண் இரண்டும் வீங்கிவிட்டன. அம்மை.

அங்கே நடந்ததை ரக்ஷிதா பின்னால் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அவள் முதலில் சொன்னது திலீப் சாரிடம். ஓட்டல்காரனுக்குத் தெரிந்தால் நாற்பது பேரையும் அடைத்துப் போட்டுவிடுவானோ என்று சாருக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம், ஜாத்திரை வாரத்தில், எல்லை தாண்டி வந்த பெண்ணுக்கு, அம்மை! எண்ணிப் பார்த்ததும் சாருக்கு வேர்த்துவிட்டது. தானும் ரேணிகுண்டா வழியாக நழுவி வந்தவர்தானே. அறை வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, கை கூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். ஏசியை நிறுத்தினார்கள். ஒரு கோஷ்டி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு தமிழர் பூக்கடைக்குப் போய் வேப்பிலை வாங்கி வந்து கதவில் சொருகியது. டாக்டர் கூடாது, ஊசி கூடாது, வெளியே காற்று படக் கூடாது. முந்தின நாள் வரை “ஏய் பவ்யா” என்றவர்கள் எல்லாம் “வாங்க, போங்க” என்றார்கள்.

“இது அம்மை இல்ல சார், நேத்து சாயங்காலம் துன்ன நூடுல்ஸ்ல எறா அரைச்சுப் போட்டிருக்கான். எனக்கு அலர்ஜி. ஒரு மாத்திரை வாங்கிக் குடுங்க” என்று பவ்யா தலையால் அடித்துக்கொண்டாள்.

“தாயி, சாந்தம், சாந்தம்” என்றார் சார்.

துறைமுகத்துக்கு பஸ் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் போவதென்று முடிவு. ஒருத்தி காவலுக்கு இருப்பாள். பவ்யா அறைக்குள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள், திரும்பவும் நடந்தாள். கண்ணாடிக்கு வெளியே அவ்வளவு பெரிய ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே அம்சவேணி வீட்டில் கூட்டம் நிரம்பிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, ஆனால் வராமல் இருக்க முடியுமா? தாளிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அடுத்த வாரமே நிச்சயதார்த்தம் வைத்துவிடலாம் என்று பேச வந்திருந்த கங்கையா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேங்கடாசலத்துக்கு அன்றைக்கு வேறு வேஷம். உடம்பெல்லாம் கரி, இடுப்பைச் சுற்றி வேப்பிலை. அந்த வேஷக்காரன் யாரை என்ன திட்டினாலும் திட்டு வாங்கியவன் கோபிக்கக் கூடாது, அது கங்கம்மாவுக்குக் காணிக்கை. மற்ற வேஷக்காரர்கள் தெருவையே நாறடித்துக்கொண்டு போனார்கள். வேங்கடாசலம் அந்த வருஷம் வரை ஒருத்தனையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“வீடியோ கால் போடு” என்றாள் அம்சவேணி.

அவள் பதறவில்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போனை மஞ்சள் பூசிய செம்பில் சாய்த்து வைத்தார்கள். திரையில் பவ்யாவின் முகம் தெரிந்ததும் பெண்கள் எல்லாரும் “அம்மோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உதடு தடித்து, கண் இடுங்கி, அடையாளமே தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் திலீப் சார் வெறுங்காலோடு நின்றார். அம்சவேணி கற்பூரம் ஏற்றிப் போனுக்குக் காட்டினாள். புகையில் பவ்யா கொஞ்ச நேரம் மறைந்து போனாள்.

“தாயே, என்ன வேணும் கேளு. கூழா, மோரா, இளநியா?”

அம்மை கண்டவர்கள் கேட்டதைக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. கேட்பது அந்த ஆள் இல்லை, உள்ளே இருக்கிறவள்.

“அம்மா, வெளையாடாத. இது எறா. உனக்கே தெ...”

“தாயே!” என்று அம்சவேணி கத்தின கத்தலில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. “பொண்ணு பேசறது எனக்கு வேணாம். நீ பேசு. இன்னா வேணும்னு நீ கேளு. ஊரே நிக்குது, உன் வாயால கேளு!”

பவ்யா வாயை மூடினாள். அந்தக் கோணல் கண்ணால் செம்பு, கற்பூரம், கூப்பின கைகள், நடுவில் அம்மா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று சுந்தரம்மா போனைத் தட்டப் போனாள். அப்போதுதான் குரல் வந்தது. ஜலதோஷம் பிடித்த மாதிரி, ஆனால் அடித்தொண்டையிலிருந்து.

“எனக்கு மூச்சு முட்டுது.”

“ஐயோ தாயே!”

“என்னை ரூம்ல போட்டு எவன்டா அடைச்சது?”

திலீப் சார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “தெரியாம செஞ்சுட்டோம் தாயி.”

“இந்தப் பொண்ணை வெளியே கூட்டிகினு போ.”

“எங்க போவணும் தாயே? கோயிலுக்கா?” என்றாள் அம்சவேணி.

“கிள்ளானுக்கு. கப்பல் ஆபீசுக்கு.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. “கங்கம்மாவுக்குக் கப்பல் ஆபீஸ்ல என்னடி வேலை?” என்று யாரோ கேட்டார்கள். “கங்கைன்னா தண்ணிதானே, தண்ணிகிட்டதான போவா?” என்று அம்சவேணி திரும்பாமலே பதில் சொன்னாள். இதற்கு யாரால் மறுத்துப் பேச முடியும்? எல்லாரும் இன்னொரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

கங்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “தாயே, எல்லாம் உன் இஷ்டம். தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் என் பையனுக்கு நிச்சயதார்த்தம் எப்ப வெக்கலாம்னு நீயே ஒரு நாளைச் சொல்லிடு.”

திரையில் அந்த வீங்கின முகம் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

“நீதானே கங்கையா?”

“ஆமா தாயே.”

“இவ எந்த ஊருப் பொண்ணு?”

கங்கையா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேக்கிறேன் இல்ல? என் டமாரத்தைக் கேட்டுப் படுத்தவளை உன் ஊருன்னு சொல்லி எல்லை தாண்ட வெச்சே. மண்டியில துண்டுக்குள்ள கை விடற மாதிரி எங்கிட்டயே விட்டே. அதுக்குத்தான் இவ மூஞ்சி இப்படிக் கீது. உன் பேச்சை நீயே எடுத்துக்கோ.”

“எடுத்துக்கினேன் தாயே.”

“ஊர் கேக்கச் சொல்லு.”

“இவ திருப்பதிப் பொண்ணுதான். எங்க ஊருக்கும் இவளுக்கும் ஒண்ணும் இல்ல. நான் பேசின பேச்சு, மாத்தின வெத்தலை, எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கினேன். மன்னிச்சுடு!”

அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. “அடேய் சித்தூரு திருட்டு மாங்கா!”

வேங்கடாசலம். கரி பூசின முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து மச்சானுக்கு முன்னால் உட்காரக்கூட யோசிக்கிற மனிதர். கங்கையா கோபிக்க முடியுமா? வேஷம்! கையெடுத்துக் கும்பிட்டார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. ஒன்றே போதும் என்று வேங்கடாசலம் வெளியே போய்விட்டார்.

“கேட்டியா அண்ணா?” என்றாள் அம்சவேணி, தாழ்ந்த குரலில். “நான் ஒண்ணும் சொல்லல. அவளே சொல்லிட்டா.”

அங்கே திலீப் சார் பஸ்ஸை நிறுத்திவைத்து, முன் சீட்டு இரண்டையும் காலி செய்து, பவ்யாவை உட்கார வைத்தார். ப்ளேஸர் பாக்கெட்டில் ஒரு கொத்து வேப்பிலை. டிரைவர் சீனக்காரர், அது என்ன செடி என்று கேட்டாராம். காலேஜ் சின்னம் என்று ரக்ஷிதா சொல்லிவிட்டாள். மெயில் போட்ட மேடம் வாசலில் பவ்யாவைப் பார்த்ததும் “இறாலா?” என்றுதான் கேட்டாள். அவள் தம்பிக்கும் அப்படித்தானாம். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீக்கம் வடிகிற வரை பேசிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கிரேன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவளுக்கு வேலை ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அம்மை இருந்த இடமே தெரியவில்லை. சொன்னதைச் செய்ததும் கங்கம்மா இறங்கிவிட்டாள் என்று திலீப் சார் காலேஜ் பூரா சொன்னார். சொல்லிக்கொண்டும் இருக்கிறார்.

பவ்யா வந்தாள், பரீட்சை எழுதினாள். விசா பேப்பர்கள் வந்ததும் கிள்ளானுக்கே வேலைக்குப் போய்விட்டாள். எல்லை தாண்டின குற்றத்துக்கு அம்சவேணி பொங்கல் வைத்து, புடவை சாத்தி, முறைப்படி மன்னிப்புக் கேட்டாள். தெருவில் எல்லாருக்கும் பிரசாதம். எனக்கு இரண்டு தொன்னை.

பவ்யா போன சில நாளில் மீன்காரி தெருவில் வந்தாள். நானும் அம்சவேணியும் ஒன்றாகத்தான் நின்றோம்.

“எறா இருக்குதும்மா, பெரிசு பெரிசா.”

“எறா வேணாம், பவ்யாவுக்கு ஆவாது” என்றாள் அம்சவேணி, கூடையைப் பார்த்தபடி, பழக்கத்தில்.

நான் விடுவேனா? “ஆவாதா? எப்பத்துலேருந்து?”

அவள் ஒரு சங்கரா மீனை எடுத்து செவுளைப் பிரித்துப் பார்த்தாள். திரும்பக் கூடையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“ஆறாங் கிளாஸ்லேருந்து. நாகலாபுரத்துல ஒரு கல்யாணத்துல துன்னுட்டு இதே மூஞ்சிதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினேன்.”

“அப்ப அன்னிக்கு உனக்கு...”

“எங்க அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தவன். என் கல்யாணத்தை நின்னு பண்ணினவன். அவன் மூஞ்சைப் பார்த்து என் பொண்ணைத் தர மாட்டேன்னு என் வாயால எப்படிச் சொல்றது? நீ சொல்லு.”

“கற்பூரம் ஏத்தினியே?”

“ஏத்தினேன். யாரு வந்து பேசினாங்கன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.” அரைக் கிலோ சங்கராவை நிறுக்கச் சொல்லிவிட்டு, “இதை நீ யாருகிட்டயும் சொல்லாத” என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சுந்தரம்மாவிடம் மட்டும் சொன்னேன், அவள் இப்போது அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தி முறை ஆகிறாள் என்பதால். அது வேறு ஒன்றும் இல்லை. பவ்யாவுக்கு அம்மை என்று கேட்டதும் சீனுவுக்கு மனசு கேட்கவில்லை. பவ்யாவின் போன் கிடைக்காததால் ரக்ஷிதாவுக்குப் போட்டான். எப்படி இருக்கிறாள் என்று காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பவ்யாவுக்கு அன்று மாலையே சரியாகிவிட்டது. ரக்ஷிதா அதைச் சொல்ல மறந்துவிட்டாள். மறந்து மறந்து, போன ஆவணியில் சித்தூரில் அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. அத்தை முறை செய்ய முதல் ஆளாக நின்றது அம்சவேணி. கங்கையா தங்கை கையைப் பிடித்துக்கொண்டு, உன் பெண்ணை எடுக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுதார். அவளும் அழுதாள். இரண்டு பேர் அழுகையும் நிஜமாகத்தான் இருந்தது.

ரக்ஷிதா இப்போது மாங்காய்க் கூழ் டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று மாமனாரை நச்சரித்துக்கொண்டிருக்கிறாளாம். திலீப் சார் பெங்களூர்க் காலேஜ் ஒன்றுக்கு மாறிப் போய்விட்டார். பவ்யா கிள்ளானில் ஒரு வருஷம் இருந்தாள். அங்கிருந்து ஜோகூர், அங்கிருந்து ஏதோ வேறு துறைமுகம், பெயர் என் வாயில் நுழையவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் நெட்வொர்க் போய்விடுகிறது. அம்சவேணியும் வேங்கடாசலமும் மேல் மாடியை ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிற ஒரு ஜோடிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தை பிறந்ததும் மகளிடம் கிளம்பிப் போனார்கள். மூன்று மாசத்தில் வருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. அந்த மாடி ஜோடிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.